ஏடு காத்தோரும் படச்சுருள் காத்தவரும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் நாடுவது சான்றுகளையே. கல்லிற் பொறித்தவை, செப்பேட்டிற் கீறியவை, ஓலையில் எழுதியவை, தாளில் அச்சிட்டவை என அச்சான்றுகள் பல திறத்தன. இவற்றோடு அசையும் படம் என்னும் புதுச் சான்றொன்றையும் இருபதாம் நூற்றாண்டு நமக்குத் தந்தது. ஓர் ஊரின் தெரு எவ்வாறிருந்தது, மக்கள் எங்ஙனம் நடந்தனர், எதனை உடுத்தனர், எந்த ஓசையிற் பேசினர் என்பவற்றை ஏடு சொல்லும். படம் கண்முன் நிறுத்தும். எனினும், சான்று எதுவாயினும் தானாக நிலைத்து நிற்பதில்லை. காப்பார் இல்லாவிடிற் கறையானுக்கோ நெருப்புக்கோ விலைபேசும் வணிகனுக்கோ அஃது இரையாகிவிடும்.

இவ்வுண்மையைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் (1832–1901), தஞ்சை நாட்டு உத்தமதானபுரத்து உ. வே. சாமிநாதையர் அவர்களும் (1855–1942) செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்து அச்சேற்றியிராவிடின், கலித்தொகையும் சீவகசிந்தாமணியும் இன்று நம் கைக்கு எட்டியிருக்குமோ என்பது ஐயமே. முன்னவர் கலித்தொகையையும் பின்னவர் சிந்தாமணியையும் பதிப்பித்தது 1887 என்னும் ஒரே ஆண்டிலாகும். அப்பெரியோர் ஏட்டுக்குச் செய்த தொண்டைப் படச்சுருளுக்குச் செய்தார் ஒருவர் நம் காலத்தில் வாழ்ந்தார். அவர் பெயர் பரமேஷ் கிருஷ்ணன் நாயர். பி. கே. நாயர் என்றாலே திரைப்பட உலகம் அறியும். பூனா நகரிலே இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகத்தை உருவாக்கி வளர்த்த அவருடைய பணியையும், அதனின்று வன்னி நிலத்தவராகிய நாம் பெறத்தக்க படிப்பினையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாயர் 1933ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆந் திகதி திருவனந்தபுரத்திற் பிறந்தவர். அவர் சிறுவராய்க் கண்டு மயங்கிய படங்களுட் சில தமிழ்ப் படங்களே என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதொரு செய்தி. கே. சுப்பிரமணியம் அவர்களின் ‘அனந்தசயனம்’ முதலான புராணப் படங்கள் அவருடைய முதற் காட்சிகளுள் அடங்கும். 1953இல் கேரளத்துப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் பெற்றபின், வீட்டாரின் விருப்பத்துக்கு மாறாக, படம் எடுக்கும் ஆசை கொண்டு பம்பாய் சென்றார். மெகபூப் கான், பிமல் ராய், ரிஷிகேஷ் முகர்ஜி முதலிய நெறியாளரை அண்டி அத்தொழிலின் போக்கைக் கண்டார். காணக் காணத் தமக்குரிய இடம் கமராவின் பின்னால் அன்று என்பதையும் உணர்ந்தார். தம் குறையை இளமையிலேயே அறிந்து, அறிந்தபடி வழியை மாற்றிக்கொள்ளுதல் எல்லார்க்கும் இயல்வதன்று. 1961இல் பூனாவிலுள்ள திரைப்படக் கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தார். முன்னர்ப் பிரபாத் படக்கம்பனியார்க்குச் சொந்தமாயிருந்த படப்பிடிப்பு நிலையமே அக்கல்லூரியின் வளவாக அமைந்திருந்தது.

1964ஆம் ஆண்டு பெப்ரவரியில் இந்திய அரசு தேசியத் திரைப்படக் காப்பகத்தை நிறுவியது. 1965 நவம்பரில் நாயர் அங்கே உதவிக் காப்பாட்சியராக நியமனம் பெற்றார். 1982இற் பணிப்பாளரானார். 1991இல் ஓய்வு பெற்றார். ஓர் அரச அலுவலரின் சேவைப் பதிவேட்டில் இவ்வளவே காணப்படும். ஆயின் அவர் ஓய்வு பெற்றபொழுது காப்பகத்தில் ஏறக்குறைய 12,000 படங்கள் இருந்தன. அவற்றுள் 8,000 வரையின இந்தியப் படங்கள். இருபத்தைந்து ஆண்டு அலைச்சலை அவ்வெண்கள் ஒருவாறு உணர்த்தும்.

அவர் பணி தொடங்கிய காலத்து நிலையை உணர்ந்தாலன்றி இவ்வெண்களின் பெருமை விளங்காது. தாதாசாகிப் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ 1913 மே 3ஆந் திகதி பம்பாயில் வெளியானது முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் இந்தியாவில் 1,300க்கு மேற்பட்ட மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் இன்று முழுதாகவோ துண்டாகவோ எஞ்சியிருப்பன ஏறத்தாழ முப்பதே. தென்னகத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ தென்னாட்டார் எடுத்த முதற் கதைப்படம் எனப் போற்றப்படுவது. அதன் ஒரு முழமேனும் இன்றில்லை. 1931 ஒக்ரோபர் 31இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ தமிழின் முதற் பேசும் படம். ரி. பி. ராஜலட்சுமி அதில் நடித்தார் என்றும், அதில் தமிழோடு தெலுங்கும் ஒலித்தது என்றும் அறிகின்றோம். அறிவது எவ்வாறு? விளம்பரத்தாலும் பத்திரிகைக் குறிப்பாலும் பாட்டுப் புத்தகத்தாலுமே. தமிழ் முதன்முதலாகத் திரையில் எவ்வொலியிற் பேசிற்று என்பதைக் கேட்கும் பேறு நமக்கு இல்லாது போயிற்று.

இத்துணை அழிவுக்குக் காரணங்கள் மூன்று கூறலாம்.

முதலாவது, படச்சுருளின் இயல்பு. 1950ஆம் ஆண்டு வரை வந்த தொழிற்படங்கள் பெரும்பாலும் செலுலோசு நைத்திரேற்று என்னும் பொருளாலான சுருளிற் பதிக்கப்பட்டன. அப்பொருள் விரைவில் தீப்பற்றுவது. எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதாற் பற்றிய தீயை நீரினால் அணைத்தலும் அரிது. தீப்பற்றாவிடினும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் நாளடைவில் இளகிப் பசையாகி, ஈற்றிற் பொடியாகும். பின்னர் வந்த அசற்றேற்றுச் சுருள் எளிதில் தீப்பற்றாதது. எனினும் அதுவும் காலப்போக்கில் வினாகிரி மணம் வீசிச் சுருங்கி வளையும். நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் இரண்டுக்கும் ஆயுள் குறைவு. ஓலைச்சுவடியை எழுத்தாணி பிடிக்கத் தெரிந்த எவரும் பெயர்த்தெழுதலாம். படச்சுருளைப் பெயர்த்தெடுப்பதற்கோ ஆய்வுகூடமும் பொறியும் பணமும் வேண்டும்.

இரண்டாவது, படச்சுருளில் உறையும் வெள்ளி. கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளித் துணிக்கைகளாலேயே ஆனது. ஓடி முடிந்த படத்தை வைத்திருப்பதிலும் பார்க்க, அதனைக் கழுவி வெள்ளியைப் பிரித்து விற்பதே இலாபம் எனப் படமுதலாளிகள் கருதினர். பழம்பொருள் வணிகர் சுருட்பெட்டிகளை நிறுத்து வாங்கினர்.

மூன்றாவதும் முதன்மையானதும் மக்கள் மனப்பாங்கு. சினிமா என்பது பொழுதுபோக்கு. ஓடும் வரையுமே அதற்கு மதிப்பு என்று படித்தோரும் பாமரரும் ஒருங்கே எண்ணினர். சாமிநாதையர் ஏடு தேடியபொழுது அவற்றைக் குப்பையெனக் கருதினோர் இருந்தமைபோலவே, நாயர் தேடியபொழுதும் இருந்தனர்.

இனி அவர் தேடிக் கண்டவற்றுட் சிலவற்றை நோக்குவோம். பால்கே 1944இல் நாசிக்கில் வறுமையுற்று மறைந்தார். இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப்படும் அவருடைய படைப்புகள் அனைத்தும் அழிந்தன என்று பலரும் கைவிட்டிருந்த காலத்தில், நாயர் நாசிக் சென்று பால்கே குடும்பத்தாரைக் கண்டார். அவர் முயற்சியால் ‘ராஜா ஹரிச்சந்திரா’வின் எஞ்சிய பகுதியும், 1919இல் எடுக்கப்பட்ட ‘காளிய மர்த்தன’மும் காப்பகத்தை அடைந்தன. பின்னதிலே பாலகிருஷ்ணனாக நடித்தவர் பால்கேயின் மகளாகிய சிறுமி மந்தாகினி. ஆழ்ந்த நீரிற் காளியனோடு பொரும் அக்குழந்தையின் முகத்தை நூறாண்டு கடந்த பின்னும் நாம் காண முடிகின்றது. எஞ்சிய ‘ஹரிச்சந்திரா’ 1913இல் எடுத்த முதற் படமோ, 1917இற் பால்கேயே மீண்டும் எடுத்த படமோ என அறிஞரிடையே வாதம் நிகழ்கின்றது. சுருள் கைக்கு வந்தபடியாற்றானே வாதிப்பதற்கும் இடம் வாய்த்தது!

அடுத்தது ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் மௌனப் படம். சி. வி. இராமன்பிள்ளையின் புகழ்பெற்ற மலையாள நாவலைத் தழுவி பி. வி. ராவ் நெறிப்படுத்த, ஆர். சுந்தர்ராஜ் தயாரித்து 1933இல் வெளியிட்டார். நாவலின் பதிப்புரிமை திருவனந்தபுரத்துக் கமலாலயம் புத்தகசாலையாரிடம் இருந்தது. தம் அனுமதியின்றிப் படம் எடுத்தமை குற்றம் என அவர்கள் வழக்குத் தொடுக்க, படம் சில நாளிலேயே திரையை விட்டு நீங்கியது. சுருள்கள் புத்தகசாலையாரின் கைக்குப் போயின. தயாரிப்பாளர் நட்டமுற்றார். நாற்பதாண்டுகள் அங்கே கிடந்த அச்சுருளை நாயரின் காப்பகம் 1974இற் பெற்றது. தென்னிந்தியாவில் நூற்றுக்கு மேற்பட்ட மௌனப் படங்கள் எடுக்கப்பட்டும், இன்று எஞ்சியது இவ்வொன்றே என்பர். வெற்றியோடு ஊரூராக ஓடிய படங்கள் ஓடி ஓடித் தேய்ந்து அழிந்தன. வழக்கில் தோற்று முடங்கிய படமே பிழைத்தது. வரலாற்றுச் சான்றுகள் எஞ்சுவது தகுதியால் மட்டுமன்று, தற்செயலாலும் ஆகும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

எல்லாத் தேடலும் கைகூடியதில்லை. இந்தியாவின் முதற் பேசும் படமாகிய ‘ஆலம் ஆரா’ (1931) அவருக்கு எட்டாக் கனியாயிற்று. அதனை எடுத்த அர்தேசிர் இரானியை நாயர் நேரிற் கண்டார். சில சுருள்கள் கிடக்கவேண்டும் என முதியவர் கூறினார். பின்னர் அவர் மகனோ, அவற்றினின்று வெள்ளியைப் பிரித்தெடுத்துவிட்டுத் தாமே கழித்துவிட்டதாக நாயரிடம் ஒப்புக்கொண்டார். பூனாவில் 2003இல் நிகழ்ந்த தீவிபத்தில் ‘ஆலம் ஆரா’ எரிந்தது என்று செய்தித்தாள்கள் எழுதியபொழுது, அப்படம் காப்பகத்துக்கு ஒருபொழுதும் வந்ததேயில்லை என நாயர் மறுத்துரைத்தார். தம் தோல்வியைத் தீயின்மீது ஏற்றிவிடுதல் அவருக்கு எளிதாயிருந்திருக்கும். அங்ஙனஞ் செய்யாது உள்ளதை உள்ளவாறு கூறியமை வரலாற்று மாணவர் கருத்திற் கொள்ளவேண்டியதொன்று.

பம்பாய் ரோக்கீஸ் கம்பனியாரின் பழைய படங்களும், எஸ். எஸ். வாசனின் ‘சந்திரலேகா’வும் (1948) அவர் காலத்திற் காப்பகத்தைச் சேர்ந்தன. நாட்டியக் கலைஞர் உதயசங்கர் சென்னை ஜெமினி நிலையத்தில் எடுத்த ‘கல்பனா’ (1948) வணிகத்தில் வெற்றி பெறாத படம். அதனையும் நாயர் காத்து வைத்தார். 2012இல் அப்படம் புதுப்பிக்கப்பெற்றுப் பிரான்சு நாட்டுக் கான் திரைப்பட விழாவிற் காட்டப்பட்டது. எடுத்த காலத்தில் மதிப்பாரின்றிக் கிடந்தது அறுபத்துநான்கு ஆண்டுகளின் பின் உலகின் மதிப்பைப் பெற்றது.

இவ்விடத்தில் நாயரின் கொள்கையை விளக்குதல் தகும். நல்ல படத்தை மட்டும் காப்பதா, எல்லாப் படத்தையும் காப்பதா என்னும் வினா காப்பகத்தார் எல்லாரையும் வருத்துவது. இடமும் பணமும் அளவானவை. ஆதலின் தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பது ஒரு சாரார் கருத்து. இந்திய அரசின் காப்பகமும் விருது பெற்றவற்றையும் பெயர் பெற்றவற்றையும் முதன்மையாக நாடியதுண்டு. நாயரோ, தரம் பார்த்துத் தள்ளுதல் காப்பாளன் தொழிலன்று என்று கருதினார். இன்று இழிந்தது எனத் தோன்றுவது நாளை எதற்குச் சான்றாகும் என்பதை எவர் அறிவார்? கதை மட்டமாயினும் பின்னணியில் ஓடும் ட்ராம் வண்டி வரலாற்றுச் சான்றே. பாட்டுச் சுவையற்றதாயினும் நடிகையின் சேலைக்கட்டு வரலாற்றுச் சான்றே. புலவர் எள்ளிய சிற்றிலக்கியமும் கும்மிப் பாட்டும் பிற்காலத்தார்க்குச் சமுதாய வரலாற்று மூலங்களாயினமை நாம் அறிந்ததேயன்றோ?

மற்றொரு வினா: காத்ததைக் காட்டலாமா? இதில் ஐரோப்பிய அறிஞர் இருவர் இரு துருவங்களாக நின்றனர். பாரிஸ் நகரிலே 1936இல் ‘சினமாதெக் பிரான்சேஸ்’ என்னும் காப்பகத்தை நிறுவியவருள் முதல்வர் ஹென்றி லாங்லுவா (1914–1977). யேர்மானியர் பிரான்சைக் கைப்பற்றியிருந்த ஆண்டுகளில் அழிவுக்குத் தப்பவேண்டிய படங்களை ஒளித்துவைத்துக் காத்தவர் அவர். காட்டப்படாத படம் இறந்த படம் என்பது அவருடைய நிலைப்பாடு. நாள்தோறும் படம் காட்டினார். அவற்றைக் கண்டு வளர்ந்த இளைஞரே பின்னர்ப் பிரெஞ்சுத் திரைப்படத்தில் ஒரு புத்தலையை எழுப்பினர். 1968 பெப்ரவரியில் அரசு அவரைப் பதவி நீக்கியபொழுது அவ்விளைஞர் வீதியில் இறங்கிக் கிளர்ந்தனர். ஏப்பிரலில் அரசு பணிந்தது. 1972இல் அவர் அமைத்த திரைப்பட நூதனசாலை பாரிசிலே திறக்கப்பெற்றது. ஆயின் பட்டியல் எழுதுவதிலும் சுருள்களை முறையாகச் சேமிப்பதிலும் அவர் கவனம் குறைந்தவர் என்னும் குற்றச்சாட்டும் உண்டு. இலண்டனிலே 1935இல் தோன்றிய தேசியத் திரைப்பட நூலகத்தின் காப்பாட்சியர் ஏர்னஸ்ற் லிண்ட்கிரெனோ இதற்கு நேர்மாறானவர். ஒரே படி உள்ள படத்தை இன்றைய சிலர்க்காக ஓட்டித் தேய்த்தல் நாளைய பலர்க்குச் செய்யும் துரோகம் என அவர் கருதினார்.

நாயர் இவ்விருவர்க்கும் நடுவே ஒரு வழி கண்டார். மூலத்தைப் பூட்டி வை; படியை ஊருக்குக் கொடு என்பதாக அவ்வழியைச் சுருக்கிக் கூறலாம். திரைப்படக் கல்லூரி மாணவர்க்கு அவர் இரவு பகலாகப் படம் காட்டினார். திரைப்படச் சங்கங்களுக்குப் படங்களை அனுப்பிவைத்தார். இருளில் அமர்ந்து படம் பார்க்கும்பொழுதும் சிறிய குறிப்பேடொன்றில் இடையறாது எழுதிக்கொண்டிருப்பார். இன்ன காட்சி இன்ன படத்தில் எத்தனையாவது சுருளில் வருவது என்று கேட்போர்க்கு நினைவிலிருந்து விடை கூறுவார்.

இவற்றுள் எம்மைப் போன்ற கிராமப் புறத்தார் சிறப்பாகக் கருதவேண்டியது ஹெக்கோடு என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது. கருநாடகத்து மலைநாட்டிற் பாக்குத் தோட்டங்களிடையே அமைந்த ஊர் அது. அங்கே கே. வி. சுப்பண்ணா என்பார் 1949இல் தொடங்கப்பெற்ற ‘நீநாசம்’ என்னும் நாடகச் சங்கத்தைப் பேணி வளர்த்தார். 1970களில் அவர் உலகத் திரைப்படங்களைத் தம் ஊரார்க்குக் காட்ட விரும்பியபொழுது, பூனாவிலிருந்து நாயர் படங்களை உதவினார். திரைப்பட இரசனையைக் கற்பித்த பேராசிரியர் சதீஷ் பகதூரும் அவரும் அவ்வூருக்கே சென்று வகுப்புகள் நடத்தினர். வங்காளத்துச் சத்தியஜித் ராயின் ‘பாதேர் பாஞ்சாலி’யையும், இத்தாலிய நாட்டுச் ‘சைக்கிள் திருடர்’ படத்தையும், யப்பானிய ‘ரஷோமோன்’ படத்தையும் தோட்டத் தொழிலாளரும் கமக்காரரும் கண்டு உரையாடினர். உயர்ந்த கலையை நகரத்துப் படித்த கூட்டமே சுவைக்கும் என்னும் எண்ணம் அச்சிற்றூரிற் பொய்யாயிற்று. தொழிலிழந்தவன் சைக்கிளைப் பறிகொடுத்து மகனோடு தெருத் தெருவாய் அலையும் துன்பத்தை உணர, கமக்காரனுக்கு விளக்கவுரை எதற்கு? சுப்பண்ணா 1991இல் மக்சேசே விருது பெற்றார்.

நாயரின் பணியிற் குறையே இல்லை என்று கூறுதல் வரலாற்று முறையன்று. ஒரு நிறுவனம் ஒரு மனிதரின் நினைவாற்றலையும் ஆர்வத்தையும் பெரிதும் சார்ந்து வளருமாயின், அம்மனிதர் விலகியபின் அது தளர்தல் இயல்பு. 2003 சனவரியிற் பூனாவிலே பழைய பிரபாத் வளவின் களஞ்சியமொன்றிற் பற்றிய தீ, மூலமாகிய நைத்திரேற்றுச் சுருள்கள் பலவற்றைச் சாம்பராக்கியது. அவற்றுட் பலவற்றுக்குப் படி முன்னரே எடுக்கப்பட்டிருந்தமை ஓர் ஆறுதல். இந்திய அரசு பின்னர் ஏறக்குறைய 600 கோடி ரூபா செலவிலான திரைப்பட மரபுரிமைத் திட்டமொன்றை வகுத்தது. 2022இற் காப்பகம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. பணமும் பொறியும் இன்று முன்னிலும் மிகுதி. இழந்ததை மீட்க அவை உதவா.

ஓய்வின்பின் நாயர் பூனாவிலே வாழ்ந்தார். அவரிடம் மாணவராயிருந்த சிவேந்திர சிங் துங்கர்பூர், ‘செலுலோயிட் மனிதர்’ எனப் பொருள்படும் பெயரில் அவர் வாழ்க்கையை 2012இல் ஓர் ஆவணப்படமாக ஆக்கினார். அஃது இந்திய அரசின் தேசிய விருதுகள் இரண்டைப் பெற்றது. 2016 மார்ச் 4ஆந் திகதி நாயர் மறைந்தார். அதே திங்களின் 21ஆந் திகதி சென்னையிலே ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தனும் மறைந்தமை குறிப்பிடத்தக்கது. அரச நிறுவனம் எதனையும் சாராது, தமிழ்ப் படங்களின் நிழற்படங்களையும் விவரங்களையும் தம் வீட்டிலே தனியொருவராகத் திரட்டியவர் அவர். அவருடைய சேகரிப்பைத் தமிழக அரசு பின்னர்ப் பெற்றுக்கொண்டது. நிறுவனம் வாய்த்தவர் ஒருவர், வாய்க்காதவர் ஒருவர். இருவரும் காத்தனர்.

இனி எமது ஈழநாட்டை நோக்குவோம். எமது திரைப்பட வரலாறு தொடக்கத்திலேயே இழப்போடு தொடங்கியது. 1925இல் எடுக்கப்பட்ட ‘ராஜகீய விக்கிரமய’ என்னும் மௌனப் படமே இலங்கையில் ஆக்கப்பட்ட முதற் கதைப்படம். பின்னாளில் அரசியலிற் புகழ்பெற்ற என். எம். பெரேரா அதில் நடித்தார். இலங்கை மக்கள் அதனைக் காணுமுன்னரே அதன் படி தீக்கிரையாயிற்று. முதற் சிங்களப் பேசும் படமாகிய ‘கடவுணு பொறொந்துவ’ 1947இல் வெளியானது. அதனைத் தயாரித்த எஸ். எம். நாயகம் தமிழர்; அது படமாக்கப்பட்டது மதுரை நகரில். இரு மொழியாரின் கலைவாழ்வு எவ்வளவு பின்னிக் கிடந்தது என்பதற்கு இஃதொரு சான்று.

1983 யூலைக் கலவரத்தில் கே. குணரத்தினம் அவர்களுக்குச் சொந்தமான, ஹேந்தலையில் அமைந்த விஜயா படப்பிடிப்பு நிலையம் எரிக்கப்பட்டது. அங்கே எரிந்த நெகற்றிவ் சுருள்களிற் சிங்களப் படங்களும் இருந்தன. தமிழர் உடைமை என்று இட்ட தீ சிங்கள மக்களின் கலைச்செல்வத்தையும் உண்டது. தீக்கு மொழி தெரியாது. அதற்கு ஈராண்டு முன்னர், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரியுண்டமை நாம் அனைவரும் அறிந்த பெருந்துயர். இலங்கைத் தமிழ்ப் படங்களின் நிலையும் இத்தகையதே. 1960களின் தொடக்கத்தில் வந்த ‘சமுதாயம்’, ‘தோட்டக்காரி’ என்பன முதலாக, கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’ (1972), தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த ‘பொன்மணி’ (1977), செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ (1978) வரை எடுக்கப்பட்டவை சிலவே. அச்சிலவற்றையும் இன்றைய மாணவர் கண்ணாற் காண்பது அரிது. தம்பிஐயா தேவதாஸ் போன்றோர் நூல் எழுதி வைத்தமையாற் பெயரளவிலேனும் அறிகின்றோம். நாட்டுக்கெனத் திரைப்படக் காப்பகம் ஒன்று வேண்டும் என லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் நெடுங்காலம் குரலெழுப்பினார்.

நாயர் நட்ட விதையொன்று எமது தீவிலும் பயன் தந்தது. துங்கர்பூர் 2014இல் நிறுவிய திரைப்பட மரபுரிமை அறக்கட்டளை, சுமித்ரா பீரிஸ் நெறிப்படுத்திய ‘கெஹெணு லமய்’ (1978) என்னும் சிங்களப் படத்தைப் புதுப்பித்தது. 2025இற் கான் விழாவில் அது காட்டப்பட்டது. பூனாவில் ஓர் ஆசிரியர் மாணவனின் உள்ளத்தில் ஏற்றிய விளக்கு, கடல் கடந்து அயல் நாட்டின் படமொன்றுக்கு ஒளி தந்தது எனலாம்.

இத்துணையும் வன்னியில் வாழும் எமக்கு எதற்கு என வினவுவார் இருக்கலாம். எமக்கே இது பெரிதும் வேண்டுவது என்பேன். வன்னியின் பழைய வரலாற்றை எழுதுவோர் ஒல்லாந்தர், ஆங்கிலேயர் குறிப்புகளையும், ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலையுமே பெரிதும் நம்பவேண்டியுள்ளது. எம்மைப் பற்றிய சான்றைப் பிறரே வைத்திருந்தனர். அண்மைக்கால வரலாற்றிலோ நிலை அதனினும் கடிது. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடங்கி 2009 மே வரை கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் இடம்பெயர்ந்த மக்கள், பெட்டியில் தொடங்கிப் பொட்டலத்தில் முடிந்தனர். ஒவ்வோர் இடத்திலும் ஏதோ ஒன்றை விட்டுச் சென்றனர். முதலில் விட்டது தளபாடம். ஈற்றில் விட்டது திருமண அல்பம். தந்தையின் முகத்தைக் காட்டும் நிழற்படம் ஒன்றேனும் இல்லாத பிள்ளைகளுக்கு யான் வகுப்பிற் பாடஞ் சொல்லியிருக்கின்றேன். ‘எனது குடும்பம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், அப்பாவின் தோற்றத்தை அம்மா சொன்னபடி எழுதுவர். அவர்க்கு வரலாற்றுச் சான்று என்பது பரீட்சைக்குரிய சொல்லன்று.

போன சுருளை மீட்க நாயராலும் இயலவில்லை. இருப்பதைக் காக்க எவராலும் இயலும். வன்னியில் இன்றும் உயிரோடிருக்கும் செல்வங்கள் பல. முல்லைத்தீவுப் பகுதியில் ஆடப்பெறும் கோவலன் கூத்தின் ஆட்டத் தரவையும் பாடும் மெட்டையும் ஏட்டில் எழுதி முடித்தல் ஆகாது. அதனை அறிந்த அண்ணாவிமார் இருக்கும்பொழுதே படமாக்கி வைத்தல் வேண்டும். குளங்கட்டிக் காடுவெட்டிக் குடியேறிய முதியோரின் பேச்சையும், வயலிற் பாடிய பெண்களின் குரலையும் பதிந்து வைத்தல் வேண்டும். முன்னர் இதற்குக் கமராவும் பணமும் தடையாயின. இன்று மாணவர் கையிலுள்ள தொலைபேசியே கமரா. 2005இல் தொடங்கப்பெற்ற நூலக நிறுவனம் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவிற் சேமித்து வருகின்றமையால், பதிந்ததை ஒப்படைக்க இடமும் உண்டு.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். படம் பிடித்தல் வேறு, காத்தல் வேறு. தொலைபேசி பழுதானால் அதிலுள்ள ஆயிரம் படங்களும் ஒரு நொடியில் மறையும். அவ்வகையில் இன்றைய படம் நைத்திரேற்றுச் சுருளினும் நிலையற்றது. ஒன்றுக்கு இரண்டு படி வைத்தல், இரண்டையும் வெவ்வேறிடத்தில் வைத்தல், படத்தில் உள்ளவர் யார், இடம் எது, நாள் எது எனக் குறித்தல் ஆகிய மூன்றும் காப்பாளனின் கடமைகள். பெயர் குறிக்காத படம் ஒரு தலைமுறை கடந்ததும் ஊமையாகிவிடும். நாயர் இருளிலிருந்து எழுதிய குறிப்பேடுகளின் பொருள் இதுவே.

காக்கும் பொழுது, இது சிறந்தது, இது தாழ்ந்தது எனத் தள்ளாதிருத்தலும் வேண்டும். பரிசளிப்பு விழாவின் படத்தை எல்லாரும் காப்பர். பாடசாலைக் கிணற்றடியில் மாணவர் கூடிநின்ற படத்தை எவரும் காப்பதில்லை. ஐம்பது ஆண்டின் பின் வரும் வரலாற்றாசிரியன் கிணற்றடிப் படத்தையே தேடி வருவான். அப்பொழுது அது நம் கல்லூரியில் இருத்தல் வேண்டும். தாமோதரம்பிள்ளை ஏட்டைத் தேடிய காலத்திற் காலம் கடந்துவிட்டது என்று பலர் எண்ணினர். நாயர் சுருளைத் தேடிய காலத்திலும் அங்ஙனமே எண்ணினர். இருவரும் எஞ்சியதை எண்ணித் தொடங்கினர். நாமும் எஞ்சியதினின்று தொடங்குவோமாக.